மணப்படம் திருத்துங் காலம்

மணவினை ஒரு நாளில் முடிவது. பந்தலிற் கட்டிய வாழை வாடும். வாயிலில் இட்ட கோலம் அழியும். விருந்துண்டார் தத்தம் ஊர் செல்வர். அந்நாளின் எச்சமாய் இல்லத்தில் நெடுங்காலம் தங்குவன சிலவே. அவற்றுள் ஒன்று, ஆல்பம் என்று நாம் வழங்கும் படத்தொகுதி. மணமக்கள் முதியராகிப் பேரன் பேத்தியரைக் கண்ட பின்னும், "இவர் யார்? இவர் நமக்கு என்ன முறை?" என்று இளையோர் வினவ, முதியோர் விரல்வைத்து விடை கூறுதற்கு ஏற்ற கருவியாய் நிற்பது அதுவே. ஆலயத்தில் மோதிரம் மாற்றினோரும், மண்டபத்தில் மங்கலநாண் பூட்டினோரும் இதில் ஒரு தன்மையரே. ஆதலின், அத்தொகுதியை ஆக்கும் முறையைப் பற்றிச் சிறிது ஆராய்தல் கற்றோர்க்கு இழுக்காகாது.

இத்தொகுதியிற் சேரும் படங்களில் முகங்களைத் திருத்தலாமா, திருத்தலாகாதா என்பது பற்றிப் பலர் வழக்கிடுவர். "மணநாளில் மணமகள் அழகாய்த் தோன்றுதல் வேண்டும், அதற்கென்றே பொருள் கொடுக்கின்றோம்" என்பர் ஒரு சாரார். "படம் உள்ளதை உள்ளவாறு காட்டுவது, அதிற் கைவைப்பது பொய்ம்மை" என்பர் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயின், இவ்விரு சாராரும் கேளாத வினா ஒன்று உண்டு. திருத்துவது எப்பொழுது என்பதே அது. அவ்வினாவுக்கு விடை செவ்வனே கிடைப்பின், எதைத் திருத்துவது, எவ்வளவு திருத்துவது என்னும் மற்றை வினாக்களிற் பெரும்பகுதி தாமே தீர்ந்துவிடும். படங்களைத் தேர்ந்து, பக்கங்களை அமைத்து, மணவீட்டார் அவ்வமைப்பை ஒப்பிய பின்னரே, அச்சுக்கு அனுப்புமுன், முகங்களைத் திருத்துதல் வேண்டும் என்பது எமது துணிபு. அதற்கு முன்னரே திருத்தப் புகுவது உழைப்பை வீணாக்கும், உண்மையையும் கெடுக்கும்.

இதனை விளக்குமுன், வெவ்வேறு வேலைகளை ஒரு பெயரால் வழங்கும் மயக்கத்தை நீக்கவேண்டும். படம் வெளிச்சம் குன்றியிருப்பின் அதனை ஏற்றுதலும், மண்டப விளக்கால் மஞ்சளோடி இருப்பின் நிறத்தைச் செம்மை செய்தலும் ஒரு வேலை. இதனைத் தொழிலார் கலர் கரெக்ஷன் என்பர். முகத்திலுள்ள பருவைப் போக்குதல், கண்ணிற் கலங்கிய மையைத் துடைத்தல், மேடைமீது கிடக்கும் தண்ணீர்ப் புட்டியை மறைத்தல் முதலியன மற்றொரு வேலை. இதனை டச்சிங் என்பர். முன்னது படம் முழுவதற்கும் பொதுவாகச் செய்வது. ஒரே விளக்கின்கீழ் எடுத்த நூறு படங்களுக்கும் ஒருங்கே செய்யத்தக்கது. பின்னது ஓரிடத்தைக் குறித்துக் கையாற் செய்வது. முன்னது முதலிலேயே வேண்டும். நிறங்கெட்ட படங்களைக் காட்டி, "இவற்றுள் தேர்ந்தெடுங்கள்" என்று மணவீட்டாரைக் கேட்டல் முறையன்று. பின்னதைப் பற்றியே ஈண்டுப் பேசுகின்றோம்.

முகந்திருத்தும் வழக்கம் கணினியோடு பிறந்ததன்று. நிழற்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். 1855-இல் பாரிஸ் மாநகரில் நிகழ்ந்த பொருட்காட்சியில், மியூனிக் நகரத்துப் படக்கலைஞர் பிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டாங்கல் என்பார், ஒரே முகத்தின் திருத்தாத படத்தையும் திருத்திய படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார் என்பர். கண்ணாடித் தகட்டில் விழுந்த எதிர்ப்படத்தின்மேல் மெல்லிய வார்னிஷைத் தடவி, ஊசிபோற் சீவிய பென்சிலால் நுண்ணிய புள்ளிகளை இட்டு வருவர். எதிர்ப்படத்திற் பென்சில் படிந்த இடம் அச்சில் வெளுத்துத் தோன்றும், முகத்துச் சுருக்கம் மெலியும், வடு மறையும்.

அக்காலத்து அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. பழைய தகடுகள் நீலவொளிக்கே பெரிதும் வயப்பட்டன. செம்மையும் மஞ்சளும் அவற்றிற் கருமையாகப் பதிந்தன. மஞ்சள் பூசிய முகமும், குங்குமப் பொட்டும், கன்னத்துச் செம்புள்ளியும் கண்ணுக்குத் தோன்றியவாறு அத்தகட்டிற் தோன்றா. எல்லா நிறத்துக்கும் இசையும் தகட்டை 1906-இல் இங்கிலாந்தில் ராட்டன், வெயின்ரைட் கம்பெனியார் விற்பனைக்குக் கொணர்ந்த பின்னரே அக்குறை நீங்கத் தொடங்கியது. ஆகவே, முற்காலத்துத் திருத்தம் ஓரளவுக்குக் கருவியின் பொய்யைப் போக்கி மெய்யை மீட்கும் தொழிலாய் இருந்தது. முகத்தின் குறையைத் திருத்துவது வேறு; கருவியின் குறையைத் திருத்துவது வேறு. இவ்வேற்றுமையை மறவாதிருத்தல் நலம்.

இன்னொன்றும் ஈண்டுக் கருதற்பாலது. பழைய ஸ்டூடியோக்களிற் படம் எடுத்தவுடன் திருத்தாத புரூப்பை முதலிற் காட்டுவர். வந்தவர் அவற்றுள் ஒன்றைத் தேர்வர். தேர்ந்த அவ்வொன்றையே திருத்தி அச்சிடுவர். தகடொன்றைத் திருத்தக் கண்ணும் கையும் நெடும்பொழுது உழைக்கவேண்டியிருந்தமையின், வேண்டாத தகட்டைத் தொடுவார் இலர். உழைப்பின் அருமையே முறையைக் காத்தது.

கணினி வந்தபின் அம்முறை நிலைகுலைந்தது. தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறந்தார் ஆக்கிய போட்டோஷாப் 1990-இல் வெளிவந்தது. 2002-இல் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பில் ஹீலிங் பிரஷ் என்னும் கருவி சேர்ந்தது. மறுவின்மேல் அதனை ஒருமுறை இழுத்தால், அயலிலுள்ள தோலின் இழையை எடுத்து, அவ்விடத்து ஒளிக்கும் நிறத்துக்கும் இசையப் பொருத்திவிடும். இன்றோ, முகங்களைத் தாமே கண்டறிந்து, ஆயிரம் படங்களையும் ஒரே ஏவலில் மெருகிடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துள்ளன. செய்தல் எளிதாயினமையின், எப்பொழுது செய்வது என்னும் எண்ணமே பலரிடத்து இல்லையாயிற்று. எடுத்த அன்றே எல்லா முகங்களையும் இழைத்துவிட்டுப் பின்னர்த் தேர்வுக்கு வைப்பாரும் உளர். இது தலைகீழ் முறை என்பதற்குக் காரணங்கள் நான்கு கூறுதும்.

முதலாவது, உழைப்பு. ஒரு திருமணத்தில் 3000 படங்கள் எடுக்கப்பட்டன என்று கொள்வோம். அவற்றுள் மங்கலானவை, கண்மூடியவை, ஒன்றுபோல் இருப்பவை ஆகியவற்றைக் கழிக்க, 600 எஞ்சும் என்க. அவற்றுள் ஆல்பத்தில் ஏறுவன 160 என்க. அவற்றுள்ளும் முகம் பெரிதாய்த் தோன்றுவன 30 என்க. படம் ஒன்றைக் கருத்தூன்றித் திருத்த 10 நிமிடம் ஆகுமெனின், 600 படத்துக்கு 100 மணி நேரம் செல்லும். 160 படத்துக்கு ஏறத்தாழ 27 மணி நேரம். 30 படத்துக்கு 5 மணி நேரம். நூறு மணி நேரம் உழைக்க ஒருவராலும் இயலாது. ஆதலின் ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் அளந்து, முகமெல்லாம் ஒரே மாவு பூசியதுபோல் வழித்துவிடுவர். ஐந்து மணி நேரமே வேலையாயின், ஒவ்வொரு முகத்தையும் அதற்குரிய மதிப்போடு நோக்கலாம். காலம் தாழ்த்திச் செய்வதன் பயன் பொருட்சிக்கனம் மட்டுமன்று. கருத்தோடு செய்தற்கு இடம் உண்டாதலே தலையாய பயன்.

இரண்டாவது, அளவு. 12 அங்குல உயரமும், விரித்தால் 36 அங்குல அகலமும் உள்ள ஆல்பம் நம் நாட்டிற் பெருவழக்கு. அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது பொது அளவு. 6000 புள்ளி அகலமுள்ள படம் ஒன்று, பக்கத்தின் மூலையில் 4 அங்குல அகலத்திற் சிறிதாய் வைக்கப்படின், 1200 புள்ளிகளாகச் சுருங்கும். மூலத்தில் 10 புள்ளி அகலமாய் இருந்த பரு, அச்சில் 2 புள்ளியாய், அங்குலத்தில் 150-இல் ஒரு பங்காய்க் குறுகும். அதனைத் தேடிப் போக்கியவர் யாரும் காணாததைப் போக்கினவர் ஆவர். அதே படம் 18 அங்குலப் பக்கத்தை நிரப்புமாயின் 5400 புள்ளி வேண்டும்; அப்பொழுது அப்பரு ஏறத்தாழ மூல அளவிலேயே தோன்றும். ஆகவே, எது திருத்தத்தக்கது என்பதைப் படத்தை மட்டும் நோக்கி அறிதல் இயலாது. பக்கத்தை நோக்கியே அறிதல் கூடும். திரையில் பன்மடங்கு பெருக்கிப் பார்த்தால் எம்முகத்திலும் குறை காணலாம். மக்கள் ஆல்பத்தை உருப்பெருக்கி கொண்டு நோக்குவதில்லை.

மூன்றாவது, பக்கத்தின் அமைப்பு. பக்கம் அமைக்குங்கால் படத்தின் ஓரங்கள் வெட்டுண்ணும். அரைமணி நேரம் உழைத்து மறைத்த மைக் வடம் வெட்டுண்ட ஓரத்தோடு போய்விடும். விரிதாளின் நடுமடிப்பில் ஒருவர் முகம் அகப்படின், படமே மாற்றப்படும். இனி, மணமகள் ஆல்பத்தின் நடுவை நோக்கல் வேண்டும் என்று கருதிச் சிலர் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடுவர். அங்ஙனம் செய்யின் இடத்தோளிற் கிடந்த முந்தானை வலத்தோளுக்கு மாறும். வலக்கன்னத்து மச்சம் இடக்கன்னத்துக்குத் தாவும். அமைப்பு முடிந்தபின் முகத்தைத் திருத்த அமர்வோர் கண்ணுக்கு இப்பிழைகளும் தப்பா.

நான்காவது, அயற்படங்களோடு ஒவ்வுதல். ஒரே முகம் ஆல்பத்தில் ஐம்பது இடத்தில் வரும். வெவ்வேறு நாளில், வெவ்வேறு கை, தனித்தனியே திருத்தின், ஒரு பக்கத்தில் மச்சம் இருக்கும், மறுபக்கத்தில் இராது. ஒரு படத்தில் தந்தையார் அறுபது வயதினராய் இருப்பார். அடுத்த படத்தில் நாற்பதினராய் விளங்குவார். எதிரெதிர்ப் பக்கங்களை ஒருசேர விரித்துவைத்துத் திருத்தினாலன்றி இம்முரண் நீங்காது.

இவற்றால் முறை இன்னதெனத் தெளியலாம். முதற்கண் கழித்தலும் நிறஞ்செப்பமும், அடுத்து மணவீட்டார் தேர்வு, அடுத்துப் பக்க அமைப்பு, அடுத்து அவர்தம் ஒப்புதல், அதன்பின் முகந்திருத்தம், ஈற்றில், அச்சு அளவுக்கு ஏற்பக் கூர்மையேற்றுதலும் லேபுக்கு அனுப்புதலும். திருத்துங்கால் மூலப்படத்திற் கைவையாது, லேயர் என்னும் தனி அடுக்கிற் செய்தல் வேண்டும். திருத்தியது மிகையாயிற்றெனின் அவ்வடுக்கை நீக்கினால் பழைய முகம் மீளும்.

விதிக்கு விலக்கும் உண்டு. கேமராவினுள் தூசி படிந்திருப்பின் எல்லாப் படத்திலும் ஒரே இடத்திற் கறை விழும். அதனை முதலிலேயே ஒருங்கு துடைத்தல் தகும். வரவேற்பு வாயிலில் நிறுத்தும் பெரும்படம் ஆல்பத்துக்கு முன்னரே வேண்டப்படுவது. அதனைத் தனியே திருத்தலாம். மணமக்களுக்குப் பின்னால் நிற்கும் தூணை நீக்கினாலன்றிப் பக்கமே அமையாது என்னும் நிலையில், கரடாக நீக்கி அமைத்துப் பார்த்து, ஒப்புதல் பெற்றபின் செவ்வையாக்கலாம். இவை போல்வன சிலவே. விலக்கைக் காட்டி விதியைக் கைவிடலாகாது.

நிற்க. காலத்தைப் பற்றிய இவ்வாராய்ச்சி வெறும் தொழில்நுட்பம் அன்று. அதற்குள் அறமொன்று அடங்கியுள்ளது. மொத்தமாக முகங்களை இழைப்பவர் கண்ணுக்கு அவை முகங்கள் அல்ல, தோற்பரப்புக்கள். பக்கம் அமைந்தபின் ஒவ்வொன்றாய் எடுப்பவர் கண்ணுக்கு, இவர் மணமகனின் பாட்டியார், இவர் பெண்ணின் தாய்மாமன் என்று உறவோடு முகம் தோன்றும். அங்ஙனம் தோன்றியபின், எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்னும் அறிவு தானே பிறக்கும்.

அவ்வறிவுக்கு அளவுகோல் ஒன்று சொல்லின் இது: வந்து போவதை நீக்கலாம், நிலைத்து நிற்பதை நீக்கலாகாது. மணவாரத்தில் எழுந்த பரு, உறக்கமின்மையாற் கண்ணின்கீழ் விழுந்த கருமை, விளக்கின் வெம்மையால் நெற்றியில் மின்னும் வியர்வை, காற்றிற் பறந்து கண்ணில் விழுந்த மயிர் ஆகியன அந்நாளோடு வந்து அந்நாளோடு போவன. அவற்றை நீக்கின் அம்முகத்துக்கு உரியதொன்றும் குறையாது. மச்சமும், பழைய வடுவும், நரையும், முதியோர் முகத்து வரைகளும் அவ்வாறல்ல, அவை அவரே. வெயிலில் உழைத்து மகளை மணமேடை ஏற்றிய தாயின் முகத்திலுள்ள சுருக்கங்களை வழித்தெறிவது, அவருடைய வாழ்க்கைக் கணக்கை அழிப்பதாகும். உடலை மெலிவித்தலும் உயரத்தை நீட்டுதலும் இவ்வகையே. நோயினால் உண்டான வெண்திட்டு, தீக்காயத் தழும்பு முதலியவற்றைப் பற்றிப் பிறர் முடிவு செய்யலாகாது. அதனை உடையவரையே தனித்துக் கேட்டல் வேண்டும். நீக்குக என்று அவர் கூறின் நீக்குக. இருக்கட்டும் என்று கூறின் அதனைத் தொடற்க. பெற்றோரும், கணவன் வீட்டாரும், ஸ்டூடியோவாரும் அவ்வுரிமையைத் தமதாக்கிக் கொள்ளுதல் தகாது.

எல்லாவற்றினும் கொடியது நிறத்தை வெளுப்பித்தல். மாநிறமும் கருநிறமும் உடைய பெண்களைச் சுண்ணம் பூசியவர்போல் ஆக்கும் வழக்கம் நம் ஆல்பங்களிற் பரவியுள்ளது. இதற்குக் கருவிகளின் வரலாறும் ஒருவாறு துணையாயிற்று. நிறத்தின் அளவைச் சரிபார்க்க அச்சகங்களுக்குக் கோடாக் கம்பெனியார் அனுப்பிய ஷெர்லி அட்டைகளில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைத்தோற் பெண்ணின் படமே. அவ்வளவுகோலுக்கு இசையாத தோல் குறையுடையதுபோல் அச்சாயிற்று. இன்றைய கேமராக்கள் கருநிறத்தையும் அதன் நுண்மைகளோடு பதிக்க வல்லன. கருவி குறை நீங்கிய பின்னும் மனத்தின் குறை நீங்காமை வருந்தத்தக்கது. தொழில் நோக்கிற் பார்ப்பினும் இது கேடே. முகத்தை வெளுப்பிக்கப் படத்தை ஏற்றினால், பட்டின் அரக்குச் சிவப்பு சாயம்போகும், பொன்னணி வெளிறும், ஆலயத்து மணமகளின் வெண்சேலைச் சரிகையும் தலைமுக்காட்டின் பூவேலையும் வெண்மையிற் கரைந்து காணாமற் போகும். அறநோக்கிலோ, "உன் நிறத்தோடு நீ இம்மேடைக்குத் தக்கவள் அல்லை" என்று அவள் மணநாளிலேயே அவளுக்கு எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. மாந்தரைத் தன் சாயலாகப் படைத்தவன் கைவேலையிற் குறைகாண நாம் யார்?

"மணவீட்டாரே வெளுப்பாக்கித் தருக என்று கேட்கின்றனரே, யாம் என் செய்வோம்?" என்பர் தொழிலார். இதற்கும் முறைமையே மருந்து. இயல்பான நிறத்தில் அமைத்த பக்கங்களை முதலிற் காட்டி ஒப்புதல் பெறுக. தம் மகளின் முகத்தைச் செவ்விய ஒளியில், நல்ல பக்கத்தில் கண்டபின் வெளுப்பைக் கேட்பார் குறைவர். வெளுத்த படத்தை முதலிற் காட்டிவிட்டால், பின்னர் இயல்பான படம் மங்கலாகவே அவர் கண்ணுக்குத் தோன்றும். கண் முதலிற் கண்டதையே அளவாகக் கொள்ளும் இயல்பினது. ஆகவே எதை முன்னர்க் காட்டுகின்றோம் என்பதே பாதி வழக்கைத் தீர்த்துவிடும்.

"இயந்திரம் ஒரு நொடியிற் செய்வதைக் காத்திருந்து செய்வானேன்?" என்பது மற்றொரு தடை. இயந்திரம் செய்வது விரைவே. ஆயின் மச்சத்துக்கும் பருவுக்கும் உள்ள வேற்றுமையை அது எப்பொழுதும் அறியாது. அது செய்ததை ஒவ்வொன்றாய்ச் சரிபார்க்க வேண்டுமாயின் மிச்சமான பொழுது அதிற் செல்லும். சரிபாராது விடின் ஊரார் எல்லாரும் ஒரு தாய் வயிற்று மக்கள்போல் ஆவர். இயந்திரத்தை விலக்குக என்று யாம் கூறவில்லை. முப்பது படத்திற்கு அதனை ஏவலாளாகக் கொள்க. மூவாயிரம் படத்துக்குத் தலைவனாகக் கொள்ளற்க என்பதே எம் கூற்று. விளம்பரங்களில் உடலுருவை மெலிவித்தோ பருப்பித்தோ காட்டும் படங்களுக்கு அங்ஙனம் திருத்தப்பட்டமையைக் குறிக்கவேண்டும் என்னும் விதி பிரான்ஸ் நாட்டில் 2017 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடைத்தெரு விளம்பரத்துக்கே இத்துணை நேர்மை வேண்டப்படுமாயின், குடும்பத்தின் நினைவேட்டுக்கு எத்துணை வேண்டும்!

மாணவ நண்பர்களே! உங்களுட் சிலர் விடுமுறை நாட்களில் ஸ்டூடியோக்களில் அமர்ந்து ஆல்பம் அமைப்பவராய் இருக்கலாம். பெரும்பாலோர் ஒருநாள் கேமராவின் முன் மணக்கோலத்தில் நிற்பீர்கள். முதல் வகையினர், முறைமாறாது வேலை செய்க. கைவேலையில் நேர்மை என்பது இத்தகைய சிறிய இடங்களிலேதான் இருக்கின்றது. இரண்டாம் வகையினர், விலைபேசும்பொழுதே, பக்கங்களை ஒப்பிய பின்னரே முகந்திருத்துக என்றும், எம் நிறத்தையும் எம் பெரியோர் முகங்களையும் மாற்றற்க என்றும் சொல்லிவிடுக. திருத்தாத மூலப்படங்களையும் கேட்டுப் பெற்று, ஓரிடத்தில் மட்டுமன்றி ஈரிடத்தில் வைத்துக் காக்க. ஹார்ட் டிஸ்க் பழுதுறுவது உண்டு. படம்பிடிக்குமுன் முகங்கழுவி, நன்கு உறங்கி, மகிழ்ந்திருப்பின், திருத்துவோர்க்கு வேலையும் குறையும்.

பாட்டியின் கன்னத்து மச்சத்தைத் தன் கன்னத்திலும் கண்டு மகிழ ஒரு பேத்தி பிறப்பாள். அவள் ஆல்பத்தைத் திறக்கும் நாளில் அம்மச்சம் அங்கே இருத்தல் வேண்டும். அதனை அவளுக்காகக் காத்துவைத்தல், இன்று திருத்தக்கோலைக் கையிற் பிடித்திருப்போர் கடன்.